சமைத்தவர்க்குத் திண்ணையில் இலை!

(படிப்பக ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்க நாட்டுக் கறுப்பின இசைவாணர்களும், அந்நாட்டின் பெரும் இசைப் பரிசுகளும் என்பது இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள். "கடல் கடந்த நாட்டிலே யாரோ பாடுகிறார், யாரோ பரிசளிக்கிறார், இதிலே நாம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் எண்ணக்கூடும். இருக்கிறது தோழர்களே, நிரம்ப இருக்கிறது! பரிசு என்று ஒன்று இருந்தால், துலாக்கோல் ஒன்று இருக்கிறது என்று பொருள். துலாக்கோல் இருந்தால், அதைப் பிடித்திருக்கும் கை ஒன்று இருக்கிறது என்று பொருள். அந்தக் கை யாருடையது, எடைக்கல்லைச் செய்தவர் யார், எந்தப் பொருளை எந்தத் தட்டிலே வைக்கச் சொன்னார் என்பவை அரசியல் அறிந்தோர் கேட்டே தீரவேண்டிய கேள்விகள்.

அமெரிக்கா உலகுக்கு அளித்த இசையின் வேரைச் சற்றே தோண்டிப் பாருங்கள். புளூஸ், ஜாஸ், காஸ்பெல், ராக் அண்டு ரோல், சோல், ராப் என்று எத்தனை கிளைகள்! அத்தனைக்கும் ஆணிவேர், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சங்கிலி பூட்டிக் கப்பலேற்றப்பட்டு, பருத்திக் காட்டிலே வியர்வையும் குருதியும் சிந்திய மக்களின் வாழ்விலே இருக்கிறது. பேசினால் சவுக்கடி விழும் இடத்திலே பாடினார்கள். நிலமில்லை, பொருளில்லை, பெற்ற பிள்ளையும் தமக்குச் சொந்தமில்லை என்ற நிலையிலே, பறிக்க முடியாத ஒரே உடைமையாகப் பாட்டை வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டுத்தான் பின்னாளிலே உலகத்தின் விருந்தாயிற்று.

சமைத்தவர் அவர்கள். உண்டு களித்தது உலகம். ஆனால், பந்தி விரித்தபோது, சமைத்தவர்க்கு இலை எங்கே போடப்பட்டது? நடுக்கூடத்திலா, திண்ணையிலா? இதுதான் இன்று நாம் ஆராய வேண்டுவது.

திண்ணைப் பந்திக்கு முதலிலே வைத்த பெயரைக் கேளுங்கள். கறுப்பின மக்கள் பாடிய இசைத்தட்டுகளை, 'இன இசைத்தட்டுகள்' என்று பொருள்படும் பெயரால் தனியே பிரித்து விற்றார்கள். இசை வணிகத்தின் முதன்மை ஏடான பில்போர்டு, 1949 வரையில் அந்தப் பெயரிலேயே விற்பனைப் பட்டியலும் வெளியிட்டு வந்தது. அவ்வாண்டிலே, பெயர் நாகரிகமாக இல்லை என்று கருதி, 'ரிதம் அண்டு புளூஸ்' என்று மாற்றினார்கள். பெயர் மாறிற்று. பட்டியல் தனியாகவே இருந்தது. பலகையை மாற்றினார்கள், திண்ணையை மாற்றவில்லை!

கிராமி பரிசுக்கு வருவோம். இசைத்தட்டுத் தொழிலைச் சேர்ந்தவர்கள் 1957இல் ரெக்கார்டிங் அகாடமி என்னும் அமைப்பைக் கண்டார்கள். பாடகர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர், தயாரிப்பாளர் ஆகியோர் உறுப்பினராக இருந்து வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிசு அது. பழைய கிராமபோன் பெட்டியின் வடிவத்திலே செய்த சிறு சிலைதான் பரிசுப் பொருள். முதல் விழா 1959ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் நடந்தது.

அந்த முதல் விழாவிலேயே கறுப்பினத்தவர் இருவர் வென்றனர். ஒருவர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு. மற்றவர் இசைக்குழுத் தலைவர் கவுன்ட் பேசி. இருவருக்கும் இரண்டிரண்டு பரிசுகள். எல்லா அம்மையார் யார்? இளமையிலே தாயை இழந்து, தங்க வீடின்றி அலைந்த பெண். 17 வயதிலே, நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்போலோ அரங்கிலே, புதியவர்களுக்கான போட்டியிலே பாடி வென்று, குரலொன்றையே படையாகக் கொண்டு உலகை வென்றவர். அவர் பெற்றவற்றுள் ஒன்று, ஜாஸ் என்ற எல்லை கடந்து, பாடகியர் அனைவருக்கும் பொதுவான பரிசு. ஆகவே, வாசல் முற்றிலும் அடைபட்டிருந்தது என்று நான் கூறமாட்டேன். உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். உள்ளது போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை.

ஆனால், கிராமியின் நடுக்கூடத்திலே ஒரு தலைவாழை இலை உண்டு. 'ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு' என்பது அதன் பெயர். அந்த இலையின்முன் ஒரு கறுப்பினக் கலைஞர் அமர்வதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின தெரியுமா? 15 ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்திலே ரே சார்லஸ் பாடிக்கொண்டிருந்தார், அரீதா ஃபிராங்க்ளின் பாடிக்கொண்டிருந்தார், ஜேம்ஸ் பிரௌன் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார், டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்கள் அமெரிக்க வீடுகளிலெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தன. 1974இலேதான் அந்தப் பரிசு, ஸ்டீவி வொண்டர் என்ற 23 வயது இளைஞரை வந்தடைந்தது. பிறந்த சில நாட்களிலேயே பார்வை இழந்தவர் அவர். 1975இலும் 1977இலும் மீண்டும் அவரே வென்றார். 1976இலே அப்பரிசைப் பெற்ற பால் சைமன், அவ்வாண்டு இசைத்தொகுப்பு வெளியிடாமல் இருந்ததற்காக ஸ்டீவி வொண்டருக்கு மேடையிலேயே நன்றி கூறினார் என்றால், அந்த இளைஞரின் ஆற்றலை அளந்துகொள்ளுங்கள்!

அந்த ஸ்டீவி வொண்டர் மேடையை எப்படிப் பயன்படுத்தினார் என்பதையும் கூறியாக வேண்டும். 1985இலே திரைப்படப் பாடலொன்றுக்காக ஆஸ்கர் பரிசு பெற்றபோது, தென்னாப்பிரிக்கச் சிறையிலே வாடிக்கொண்டிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் அதை ஏற்பதாக அறிவித்தார். நிறவெறி அரசின் வானொலி உடனே அவர் பாடல்களுக்குத் தடை விதித்தது. பரிசை வாங்கி அலமாரியிலே வைப்பாரும் உண்டு. அதையே ஆயுதமாக ஏந்துவாரும் உண்டு. இவர் இரண்டாம் வகையினர்.

இனி, இன்னொரு பெரிய பரிசின் கதை. புலிட்சர் பரிசு என்பது, இதழியலுக்கும் இலக்கியத்துக்கும் இசைக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வழியே அளிக்கப்படுவது. இசைக்கான பரிசு 1943இலே தொடங்கிற்று. 1965ஆம் ஆண்டிலே, இசைக்கான நடுவர் மூவரும், அவ்வாண்டுக்குத் தனியொரு படைப்பைத் தேர்ந்தெடுப்பதை விட்டு, டியூக் எலிங்டனின் வாழ்நாள் பணிக்காக அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பல நூறு இசைப்படைப்புகளை ஆக்கித் தந்த மேதை அவர். பரிசுக் குழு என்ன செய்தது? மறுத்தது! அவ்வாண்டு இசைப் பரிசு எவருக்குமே இல்லை என்றாயிற்று. நடுவர் மூவரிலே இருவர், "இந்த நீதியிலே எமக்குப் பங்கு வேண்டாம்" என்பார்போல் பதவி விலகினர். எலிங்டன் சீறினாரா? இல்லை. இளம் வயதிலேயே தாம் மிகுந்த புகழ் பெற்றுவிடலாகாது என்று விதி கருணை காட்டுகிறது போலும் என்ற கருத்துப்படக் கூறினார். அப்போது அவருக்கு வயது 66! அந்தப் புன்னகையிலே எத்தனை ஆண்டுக் கசப்பு உறைந்திருக்கும்!

ஈராண்டு பின்னோக்கிப் பாருங்கள். 1963இலே இதே எலிங்டனையும் அவர் குழுவினரையும், அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறை நல்லெண்ணத் தூதர்களாக மேற்காசிய நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பியது. வெளிநாட்டிலே, "பாரீர் எம் நாட்டின் பெருமையை!" என்று காட்டுவதற்கு அவர் வேண்டும். உள்நாட்டிலே, பாராட்டுத் தாளொன்றிலே அவர் பெயரை எழுதுவதற்குக் கை நடுங்கும்! கல்யாண வீட்டு வாசலிலே நாகசுரம் வாசிப்பவரை நிறுத்தி, ஊரார்க்குப் பெருமை காட்டிவிட்டு, பந்தி நேரத்திலே அவரை மறந்துபோகும் கதை இது. அந்தப் பயணத்தின் நினைவிலே எலிங்டன் ஆக்கிய 'தூரக்கிழக்குத் தொகுப்பு' 1968இலே கிராமி பரிசு பெற்றது. எந்தப் பிரிவிலே? ஜாஸ் பிரிவிலே. புலிட்சர் குழு எப்போது மனம் மாறிற்று? 1999இலே, அவருடைய நூற்றாண்டு விழாவின்போது. 1974இலேயே எலிங்டன் மறைந்துவிட்டார். கல்லறையின்மீது வைத்த மாலை அது!

புலிட்சர் இசைப் பரிசைக் கறுப்பின இசையமைப்பாளர் ஒருவர் முதன்முதலாகப் பெற்றது 1996இலே. அவர் ஜார்ஜ் வாக்கர். பரிசு தொடங்கி 53 ஆண்டுகளுக்குப் பின்னர்! மறு ஆண்டு, விண்டன் மார்சாலிஸ், ஜாஸ் இசைக்கு அப்பரிசை முதன்முறையாகப் பெற்றுத் தந்தார். 2018இலே, ராப் கலைஞர் கெண்ட்ரிக் லமார் அதைப் பெற்றார். செவ்வியல் இசையும் ஜாஸும் அல்லாத ஒரு படைப்புக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. தெருமுனையிலே பிறந்த பாட்டு, பல்கலைக்கழகத்தின் படியேறிற்று.

இங்கே ஒரு கேள்வி எழும். "கலைக்கு ஏது நிறம்? திறமை இருந்தால் பரிசு தானே வரும். எதற்காக இதிலே இனத்தைக் கொண்டுவந்து கலக்கிறீர்கள்?" என்பார்கள். இனிமையான வாதம். கேட்பதற்குச் சுவையான வாதம். கலைக்கு நிறமில்லை என்பதிலே எனக்கும் ஐயமில்லை. ஆனால், கலைக்கு நிறம் பூசியவர் யார்? தனிப் பட்டியல் போட்டவர் யார்? தனிப் பிரிவு வகுத்தவர் யார்? பாடியவரா, விற்றவரா? சுவரை எழுப்பியவரை விட்டுவிட்டு, "இங்கே சுவர் இருக்கிறதே!" என்று சுட்டிக்காட்டியவரைக் குற்றம் சாட்டுவது எந்த ஊர் நீதி?

மைக்கேல் ஜாக்சனின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1979இலே அவர் வெளியிட்ட 'ஆஃப் தி வால்' இசைத்தொகுப்பு மக்களிடையே பெருவெற்றி பெற்றது. 1980ஆம் ஆண்டுக் கிராமி விழாவிலே அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு பரிசு, அதுவும் ரிதம் அண்டு புளூஸ் பிரிவிலே! நடுக்கூடத்துப் பரிசுகளுக்கான போட்டிப் பட்டியலிலே அதன் பெயர்கூட இல்லை. அந்த இளைஞர் மனம் புண்பட்டார். அடுத்த படைப்பை எவரும் புறக்கணிக்க முடியாதபடி ஆக்குவேன் என்று உறுதி பூண்டார். 'திரில்லர்' பிறந்தது. 1984இலே ஒரே இரவிலே 8 பரிசுகள்! போற்றுவோம். ஆனால், ஒன்றை எண்ணிப் பாருங்கள். நடுக்கூடத்திலே இடம் பெற, ஒருவர் உலகிலேயே மிகுதியாக விற்கும் இசைத்தொகுப்பைப் படைத்தாக வேண்டும் என்றால், மற்றவர்க்கு அதே இடம் அதே விலைக்கா கிடைத்தது?

இந்த நிலை கண்டு அனைவரும் வாளா இருந்துவிட்டார்களா? இல்லை தோழர்களே! 1989இலே கிராமி விழாவிலே ராப் இசைக்கு முதன்முதலாக ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். ஆனால், அதை வழங்கும் காட்சியைத் தொலைக்காட்சியிலே காட்டமாட்டோம் என்றார்கள். "பரிசு உண்டு, ஆனால் பலரறியத் தரமாட்டோம்" என்றால் என்ன பொருள்? பரிசுக்கு உரியவர்களான டி.ஜே. ஜாஸி ஜெஃப், வில் ஸ்மித் இருவரும், வேறு ராப் கலைஞர்களும் விழாவையே புறக்கணித்தார்கள். வென்றவர்கள் வர மறுத்தார்கள்! மறு ஆண்டு, அந்தப் பரிசு வழங்கப்பட்ட காட்சியை நாடே தொலைக்காட்சியிலே கண்டது. கெஞ்சிக் கேட்டதனால் வந்த மாற்றமா அது? எழுந்து நின்று மறுத்ததனால் வந்த மாற்றம்.

2020ஆம் ஆண்டிலே டைலர் தி கிரியேட்டர் என்ற கலைஞர், ராப் பிரிவிலே பரிசு பெற்ற அன்றே, "எங்களைப் போன்றவர்கள் எல்லை கடந்து எதைப் படைத்தாலும், ராப் என்றோ 'அர்பன்' என்றோ ஒரு பெட்டியிலே அடைத்துவிடுகிறார்கள்" என்ற கருத்துப்படச் செய்தியாளரிடம் கூறினார். 'அர்பன்' என்ற சொல்லுக்கு 'நகர்ப்புறம்' என்று பொருள். இசை வணிகத்திலே அது கறுப்பினத்தவரைக் குறிக்கும் மறைமொழி. அவ்வாண்டு ஜூன் திங்களிலே, 'அர்பன் கன்டெம்பொரரி' என்னும் பிரிவின் பெயரை ரெக்கார்டிங் அகாடமி மாற்றிற்று. 1949இலே ஒரு பலகை மாறிற்று. 2020இலே இன்னொரு பலகை மாறிற்று.

அதே 2020இலே, எத்தியோப்பியப் பெற்றோருக்குக் கனடாவிலே பிறந்த தி வீக்கென்ட் என்னும் பாடகரின் பாட்டு, அமெரிக்காவின் அவ்வாண்டுப் பட்டியலிலே முதலிடம் பெற்றது. கிராமியின் போட்டிப் பட்டியலிலோ அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை! காரணம் தேடியவர்களின் பார்வை, உறுப்பினர் வாக்குக்குப் பிறகு, பெயர் வெளியிடாத சிறு குழுக்கள் மூடிய அறையிலே அமர்ந்து இறுதிப் பட்டியலை முடிவு செய்யும் முறையின்மீது விழுந்தது. தம் படைப்புகளை இனி அப்பரிசுக்கு அனுப்புவதில்லை என்று 2021 மார்ச்சிலே அவர் அறிவித்தார். ஏப்ரல் முடிவதற்குள் அந்த மறைமுகக் குழுக்கள் நீக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு விழா மேடையிலே அவர் மீண்டும் வந்து பாடினார். அறையின் கதவு திறந்தால்தான் துலாக்கோலின் முள் தெரியும்.

இனி, பியான்சே அம்மையாரின் வரலாறு. 2023இலே, கிராமி வரலாற்றிலே மிகுதியான பரிசு பெற்றவர் என்ற இடத்தை அவர் அடைந்தார். 31 பரிசுகள் பெற்றிருந்த இசைநடத்துநர் ஜார்ஜ் சோல்ட்டியை விஞ்சி, 32 பரிசுகள்! ஆனால், அந்தத் தலைவாழை இலை? 2010இலே இல்லை. 2015இலே இல்லை. 2017இலே இல்லை. சாதனை படைத்த அதே 2023இலும் இல்லை. நான்கு முறை போட்டியிலே நின்று, நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பினார். 2017இலே அப்பரிசைப் பெற்ற ஆங்கிலப் பாடகி அடேல், மேடையிலே கண்கலங்கி, பியான்சேயின் படைப்பே உயர்ந்தது என்று போற்றினார். வென்றவரே ஒப்புக்கொண்டார், வாக்களித்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை! 2024ஆம் ஆண்டு விழாவிலே அவருடைய கணவர் ஜே-ஸி, எல்லாரையும்விட மிகுதியான பரிசு பெற்றவர் ஒருமுறைகூட ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான பரிசைப் பெறவில்லையே, இந்தக் கணக்கு எங்கே பொருந்துகிறது என்று அகாடமியின் மேடையிலேயே நின்று கேட்டார்.

அவ்வாண்டிலேயே பியான்சே, 'கவ்பாய் கார்ட்டர்' என்ற தொகுப்பை வெளியிட்டார். கன்ட்ரி எனப்படும் நாட்டுப்புற இசை வெள்ளையர்க்கே உரியது என்று பலர் கருதிவந்த துறை. அந்த இசையின் அடையாளமான பாஞ்சோ, ஆப்பிரிக்க மரபிலிருந்து அடிமைகள் கொண்டுவந்த கருவி என்பதை மறந்துவிட்டு அப்படிக் கருதினார்கள்! கன்ட்ரி இசைச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுப் பரிசுகளுக்கான போட்டிப் பட்டியலிலே அத்தொகுப்புக்கு ஓரிடமும் இல்லை. ஆனால், 2025 பிப்ரவரி 2ஆம் நாள் கிராமி விழாவிலே, சிறந்த கன்ட்ரி இசைத்தொகுப்புக்கான பரிசும் அவருக்கு, ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான பரிசும் அவருக்கு! 1999இலே லாரின் ஹில் பெற்ற பின், 26 ஆண்டுகள் கழித்து ஒரு கறுப்பினப் பெண்மணி அப்பரிசைப் பெற்றார்.

பரிசுகளையே பேசிக்கொண்டிருந்தால் போதுமா? உழைப்பவன் கூலியைப் பற்றிப் பேச வேண்டாமா? ரூத் பிரௌன் என்ற பாடகியை நினைவூட்டுகிறேன். 1950களிலே அட்லான்டிக் என்னும் இசைத்தட்டு நிறுவனம் வளர்ந்ததே அவர் பாட்டினால்தான் என்பதற்காக, அந்நிறுவனத்தை 'ரூத் கட்டிய வீடு' என்றே அழைத்தார்கள். வீடு கட்டியவர் என்ன ஆனார்? 1960களிலே பிள்ளைகளைக் காப்பாற்ற, பிறர் வீடுகளிலே வேலை செய்தார். பள்ளிப் பேருந்து ஓட்டினார். வானொலியிலே அவர் குரல் ஒலிக்கும், அவர் கையிலே துடைப்பம் இருக்கும்! ஆனால், அம்மையார் அடங்கிவிடவில்லை. வழக்கறிஞர் துணையோடு, தமக்கு உரிய உரிமைத்தொகையைக் கேட்டு ஆண்டுக்கணக்கிலே போராடினார். நிறுவனம் இறுதியிலே இறங்கிவந்து, அவருக்கும் அவர்போன்ற பழங்கலைஞர் சிலர்க்கும் பாக்கி தர இசைந்தது. அதன் பயனாக, நலிந்த கலைஞர்க்கு உதவும் ரிதம் அண்டு புளூஸ் அறநிலையம் 1988இலே தோன்றிற்று. 1990இலே அவருக்குக் கிராமி பரிசும் கிடைத்தது. கூலியைக் கேட்டு வென்ற பிறகே அவர் கைக்குக் கிராமி வந்தது.

பரிசே பெறாதவர்களையும் மறந்துவிடலாகாது. ராக் அண்டு ரோல் இசைக்கு உருக்கொடுத்தவர்களில் முதல்வரிசையினரான சக் பெர்ரி, கிராமிப் போட்டியிலே ஒருமுறைகூட வெல்லவில்லை. 1984இலே வாழ்நாள் சாதனைப் பாராட்டு மட்டும் வந்தது. ஆனால், 1977இலே விண்ணிலே ஏவிய வாயேஜர் கலங்களிலே, உலக மாந்தரின் இசை இதுவென்று பிற உலகினர்க்குக் காட்டத் தங்கத் தகடு பூசிய இசைத்தட்டு ஒன்றை வைத்தபோது, அதிலே சக் பெர்ரியின் பாட்டும் இடம் பெற்றது. விண்மீன்களிடையே அனுப்பத் தகுந்த பாட்டு, நடுக்கூடத்துப் பந்திக்குத் தகாமற்போயிற்று!

தோழர்களே! இந்த வரலாறு நமக்குக் கூறுவது என்ன? பரிசினால் அந்தக் கலைஞர்கள் பெருமை பெற்றார்கள் என்பதைவிட, அவர்களால் அந்தப் பரிசுகள் பெருமை பெற்றன என்பதே பொருந்தும். எலிங்டனுக்கு மறுத்ததனால் எலிங்டன் குறைந்துவிடவில்லை, புலிட்சர்தான் குறைந்தது. அப்படியானால் பரிசைக் கேட்டுப் போராடுவானேன்? கேட்கத்தான் வேண்டும். பொதுமன்றத்திலே உரிய இடத்தை விட்டுக்கொடுத்தால், இடமே இல்லை என்று நாளை எழுதிவைப்பார்கள். புகழ் வேண்டாம் என்று கூறும் உரிமை, புகழ் வந்து நிற்கும் வாசலை உடையவனுக்குத்தான் உண்டு.

1959இலிருந்து 2025 வரை அந்த வாசல் திறந்த ஒவ்வொரு முறையும், அதைத் தட்டிய கை ஒன்று இருந்தது. மைக்கேல் ஜாக்சன் உழைப்பால் தட்டினார். ராப் கலைஞர்கள் மறுப்பால் தட்டினார்கள். ரூத் பிரௌன் வழக்கால் தட்டினார். பியான்சே விடாமுயற்சியால் தட்டினார். பெயர்ப்பலகை மாறியதைக் கண்டு அவர்கள் மயங்கிவிடவில்லை. தனிப்பந்தியிலே போட்ட இலையை, அது எவ்வளவு பெரிய இலையானாலும், போதும் என்று ஏற்கவில்லை. சமைத்தவர்க்கும் கூடத்திலே இடம், அதே வரிசையிலே, அதே இலையிலே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. ஒரு பரிசு வந்ததும் அடுத்த 26 ஆண்டுகளுக்கு உறங்கிவிடலாம் என்று எண்ணுவோர்க்கு, மேலே நான் கூறிய ஆண்டுக் கணக்கே விடையாகும்.